நிலைக்கும் படம்

ஒரு காட்சியைக் காமிராவில் பிடிப்பது ஒரு கலை. பிடித்த காட்சியைத் தாளில் நிறுத்துவது மற்றொரு கலை. முன்னதைக் கற்றோர் பலர். பின்னதைப் பற்றி எண்ணுவோர் சிலரே. படம் எடுத்தவுடன் வேலை முடிந்தது எனப் பலரும் கருதுகின்றனர். உண்மையில் வேலை பாதியே முடிந்துள்ளது. எந்தப் பொறியில் அச்சிடுவது, எந்த மையைக் கொண்டு அச்சிடுவது, எந்தத் தாளில் அச்சிடுவது என்னும் மூன்று வினாக்களுக்கும் தக்க விடை கண்ட பின்னரே அப்படம் நெடுநாள் வாழும் தகுதியைப் பெறுகின்றது.

பொத்தேரி, தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள ஊர். மாணவர் மிகுந்த இவ்வூரிலிருந்து ஒரு மாணவன் செங்கற்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று, கடற்கரைக் கோயிலைப் படம் எடுத்து வந்தான் என்க. இராசசிம்ம பல்லவன் காலத்தில், ஏறத்தாழ 1300 ஆண்டுகளுக்கு முன் எழுந்தது அக்கோயில். அதன் மதிலின்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் நந்திகளின் முகங்களை உப்புக்காற்று அரித்துவிட்டது. அரிப்பைத் தடுக்கக் கரையில் கற்களைக் கொட்டி அலைதாங்கி அமைத்துள்ளனர். சவுக்கு மரங்களை நட்டுள்ளனர். ஆயினும் காற்றின் வேலை முற்றிலும் நின்றுவிடவில்லை. அம்மாணவன் எடுத்த படம், அந்நந்தி இன்று எவ்வாறு உள்ளது என்பதற்கு ஒரு சான்று. ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் அச்சிலையையும் அப்படத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் கூடும். அதற்குள் கல்லுக்கு முன்னே படம் அழிந்துவிட்டால் அச்சான்றால் யாது பயன்?

படம் மங்கும் என்னும் கவலை புதியதன்று. அது ஒளிப்படக் கலையுடன் பிறந்தது. 1839ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த டால்பட் என்பார், தாளில் படம் பதிக்கும் தம் முறையை உலகுக்கு அறிவித்தார். நல்ல எழுதுதாளை உப்புநீரில் தோய்த்து உலர்த்தி, அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலைப் பூசினால், தாள் ஒளியால் கறுக்கும் இயல்பைப் பெறும். அதன்மேல் எதிர்ப்படத்தை வைத்து வெயிலில் காட்டினால் நேர்ப்படம் தோன்றும். பின்னர் ஹைப்போ என்னும் கரைசலில் இட்டு, ஒளிபடாது எஞ்சிய வெள்ளி உப்பை நீக்கிவிட்டால் படம் நிலைத்துவிடும் என நம்பினர். ஆனால் அந்நம்பிக்கை விரைவில் பொய்த்தது. டால்பட் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட நூலில் ஒட்டப்பட்ட படங்கள் பல, சில ஆண்டுகளிலேயே மஞ்சளித்து வெளிறின.

1850ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான பிளாங்கார்-எவ்ரார் முட்டையின் வெண்கருவைத் தாளின்மேல் பூசும் முறையைக் கண்டார். வெண்கரு தாளின் மேற்பரப்பை வழவழப்பாக்கியது. படம் தாளின் நாருக்குள் அமிழாமல் மேலே நின்றது. அதனால் நுண்ணிய கோடுகளும் தெளிவாகத் தோன்றின. உருவம் தெளிவடைந்தபோதிலும், மங்கும் குறை ஒழியவில்லை.

அதன் காரணத்தை ஆராய இலண்டன் ஒளிப்படக் கழகம் 1855ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது. படத்தில் எஞ்சி நிற்கும் ஹைப்போவும், காற்றில் உள்ள கந்தக ஆவியும், ஈரமும் வெள்ளியைக் கெடுக்கின்றன என அக்குழு கண்டது. படத்தைத் தூய நீரில் நன்கு அலச வேண்டும். பொன் உப்பின் கரைசலில் தோய்த்தெடுத்தால் படம் மேலும் உறுதிபெறும் என்பனவும் அக்காலத்தார் அறிந்த உண்மைகள். ஒரு படத்தின் ஆயுள் எடுத்தவன் கையில் மட்டும் இல்லை. அலசியவன் கையிலும் உள்ளது என்பது அப்போதே தெளிவாயிற்று.

தாளைத் தேர்ந்தெடுப்பதும் அன்று எளிதாக இருக்கவில்லை. தாள் செய்யும் நீரில் இரும்பு கலந்திருந்தால், படத்தில் கரும்புள்ளிகள் தோன்றும். ஆதலின் தூய நீர் கிடைக்கும் இடங்களில் இருந்த தாள் ஆலைகளே ஒளிப்படக் கலைஞரிடம் பெயர் பெற்றன. பிரான்சில் உள்ள ரீவ் என்னும் ஊரின் தாள் அவ்வாறு புகழ்பெற்றது.

இச்செய்திகள் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் தமிழ்நாட்டுக் கோயில்கள் முதன்முதலாக விரிவாகப் படமெடுக்கப்பட்டன. அப்பணியைச் செய்தவர் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர். 1822இல் பிறந்த அவர், கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் பணியாற்றினார். 1855இல் பர்மாவுக்குச் சென்ற அரசாங்கத் தூதுக்குழுவுடன் அவரும் சென்று, ஆங்குள்ள கோயில்களையும் நகரங்களையும் படம் எடுத்தார். திரும்பி வந்தபின் பெங்களூரில் அவற்றுள் 120 காட்சிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் 50 படிகள் அச்சிட்டார். 6,000 படங்கள்! ஒவ்வொரு தாளையும் கையால் பூசி, வெயிலில் காட்டி, நீரில் அலசி, உலர்த்த வேண்டிய காலத்தில் இஃது எத்துணைப் பெரிய உழைப்பு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1856இல் டிரைப் சென்னை மாநில அரசின் ஒளிப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டார். 1857ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 1858 வரை அவர் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களுக்குச் சென்று படம் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அதில் ஒரு படம் கருமை மிகுந்தும் அடுத்தது வெளிறியும் இருந்தால் இணைப்பு பொருந்தாது. எல்லாத் தாளும் ஒரே நிறத்தில், ஒரே அழுத்தத்தில் அமைய வேண்டும். அச்சிடுவோர்க்கு இதனினும் கடினமான தேர்வு யாது?

அப்பணி நெடுங்காலம் நீடிக்கவில்லை. 1859இல் சென்னையின் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவலியன், செலவைக் கருதி அதனை நிறுத்தினார். 1860க்குப் பின் டிரைப் இப்பணியில் ஈடுபட வழி இல்லாது போயிற்று. ஆனால் அவர் அச்சிட்ட படங்கள் நிலைத்தன. 160 ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை அருங்காட்சியகங்களிலும் நூலகங்களிலும் பாதுகாக்கப்படுகின்றன. பழுதுபார்க்கும் முன் மதுரையும் தஞ்சையும் எவ்வாறு இருந்தன என்று அறிய விரும்புவோர் இன்றும் அவற்றையே நாடுகின்றனர். பணியை நிறுத்த ஆணை ஒன்று போதும். ஒழுங்காக அச்சிட்ட படத்தை அந்த ஆணையாலும் அழிக்க இயலவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெண்கருவின் இடத்தை ஜெலட்டின் பெற்றது. ஆலைகளே தாளைப் பூசி, பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கின. நம் நாட்டிலும் அத்தகைய ஆலை ஒன்று எழுந்தது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 1960இல் உதகமண்டலத்தில் தொடங்கப்பெற்று, 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசு குறைந்த குளிர்மலை இத்தொழிலுக்கு ஏற்றது. ‘இந்து’ என்னும் பெயருடைய அதன் கறுப்பு வெள்ளைத் தாளில் அச்சிட்ட படங்களை இன்றும் பல வீடுகளில் காணலாம். பிலிம் வழக்கொழியவே, அவ்வாலையும் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவத்தைத் தாங்குவது வெள்ளி. வண்ணப்படத்திலோ உருவத்தைத் தாங்குவன நீலம், செம்மை, மஞ்சள் ஆகிய சாயங்கள். வெள்ளியைப் போலச் சாயம் உறுதியுடையதன்று. 1970களில் எடுத்த திருமணப் படங்கள் பல இன்று செம்மை படர்ந்து காணப்படுவதற்கு இதுவே காரணம். அக்காலத்துத் தாள்களில் நீலச்சாயம் இருட்டில் வைத்திருந்தாலும் முன்னதாக மறைந்தது. எஞ்சிய செம்மை மேலோங்கியது. அதே வீட்டில் அதற்கு முப்பது ஆண்டு முன் எடுத்த பாட்டனாரின் கறுப்பு வெள்ளைப் படம் தெளிவாக இருப்பதையும் காணலாம். புதியது எல்லாம் நெடுநாள் நிற்கும் என்று கூறுதற்கில்லை.

இனி, இக்காலத்து அச்சுப்பொறிகள் யாவை என்பதைக் காணுதல் வேண்டும். அவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, ஒளிப்பட நிலையங்களில் உள்ள பெரிய பொறி. இது வண்ணத்தாளின்மேல் ஒளியைப் பாய்ச்சி, மருந்துநீரில் கழுவிப் படமாக்குகின்றது. ஆல்பத்தில் ஒட்டும் படங்களை மிகுதியாகவும் மலிவாகவும் செய்வதற்கு இது ஏற்றது. இன்றைய வண்ணத்தாள் 1970களின் தாளைக் காட்டிலும் நெடுநாள் நிற்பது. இரண்டாவது, வெப்பத்தால் சாயத்தைத் தாளில் ஏற்றும் சிறு பொறி. இது சில நொடிகளில் படம் தரும். இறுதியில் படத்தின்மேல் மெல்லிய காப்புப் படலத்தையும் ஏற்றும். கடவுச்சீட்டுக்கும் விண்ணப்பத்திற்கும் வேண்டிய சிறு படங்களுக்கு இது பொருந்தும். மூன்றாவது, மின்னேற்றத்தால் மைத்தூளை ஈர்த்து, வெப்பத்தால் தாளில் பதிய வைக்கும் லேசர் பொறி. எழுத்துக்கு இது மிக நன்று. ஆனால் கல்லின் மேடுபள்ளங்களில் நிழல் மெல்ல மெல்ல மாறுவதை இது செம்மையாகக் காட்டுவதில்லை. நான்காவது, மிக நுண்ணிய மைத்துளிகளைத் தாளின்மேல் தெளிக்கும் இங்க்ஜெட் பொறி.

இந்நான்காம் வகையில் மை இருவகைப்படும் என்பதை மறத்தலாகாது. ஒன்று சாயமை, மற்றொன்று நிறமிமை. புதுத் துணியை நீரில் நனைத்தால் வண்ணம் நீரில் கரைந்து ஒன்றாகிவிடுகின்றது. சாயமை அத்தன்மையது. கோலத்திற்குக் காவி இடும்போது செம்மண் நீரில் கலந்திருந்தாலும் துகளாகவே இருக்கின்றது. நீர் உலர்ந்ததும் தரையில் படிகின்றது. நிறமிமை அத்தன்மையது. சாயமை பளிச்சென்ற வண்ணம் தரும், விலையும் குறைவு. ஆனால் ஈரம் பட்டால் பரவக்கூடும். வெயிலிலும் காற்றிலும் விரைந்து மங்கும். நிறமிமையின் துகளோ ஒளியையும் ஈரத்தையும் நெடுநாள் தாங்கும்.

இவ்வேறுபாடு சிறியதன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பெய்த பெருமழையில் சென்னையின் தென்புறநகர் வீடுகள் பலவற்றில் வெள்ளம் புகுந்தது. பாத்திரத்தைக் கழுவிக்கொள்ளலாம், துணியை உலர்த்திக்கொள்ளலாம். சாயமையில் அச்சிட்ட ஒரு படம் சேற்றுநீரில் ஊறினால் முகம் கரைந்துவிடும். இறந்த பெற்றோரின் ஒரே படம் அதுவாயின், அவ்வீட்டார் இழந்ததை எந்த நிவாரணமும் ஈடுசெய்யாது.

பொறிக்கும் மைக்கும் அடுத்தது தாள். அலுவலகத்தில் வழங்கும் தாள் ஒரு சதுர மீட்டருக்கு 70 அல்லது 80 கிராம் எடை உடையது. அதில் மை நாருக்குள் பரவிவிடுவதால் படம் தெளிவுறாது. படத்துக்கென்று செய்யும் தாளின்மேல் மையை ஏற்று நிறுத்தும் பூச்சு ஒன்று உண்டு. அதன் எடை பெரும்பாலும் 180 முதல் 300 கிராம் வரை இருக்கும். எனினும் எடை ஒன்றே தரத்தைக் காட்டாது. தாள் எதனால் ஆயது என்பதே தலையாய வினா.

மரக்கூழில் லிக்னின் என்னும் பொருள் உண்டு. அதனை நீக்காமல் செய்த தாள் வெயிலில் மஞ்சளிக்கும். பழைய செய்தித்தாளே இதற்குச் சான்று. தூய்மை செய்த கூழில் அமிலமின்றிச் செய்த தாள் நெடுநாள் நிற்கும். பருத்தி இழையால் செய்த தாள் அதனினும் உறுதியானது. இருபுறமும் பிளாஸ்டிக் படலம் பூசிய தாள் விரைவில் உலரும், சுருளாது, ஆல்பத்திற்கு ஏற்றது. பரைட்டா என்னும் வெண்ணிறப் பூச்சுடைய தாள், பழைய வெள்ளிப்படங்களைப் போன்ற ஆழ்ந்த கருமையைக் காட்டும். கண்ணைப் பறிக்கும் வெண்மையுடைய தாள்களில் ஒளிரும் வெண்மைப் பொருள் சேர்க்கப்பட்டிருக்கும்; ஆண்டுகள் சென்றபின் அப்பொருள் வலுவிழக்க, தாள் மங்கலாகத் தோன்றும். ஆதலின் புதிதில் மிக வெண்மையான தாள், முடிவில் சிறந்த தாள் ஆகிவிடாது.

நம் முன்னோர் இவ்வுண்மையை வேறொரு துறையில் அறிந்திருந்தனர். அவர்கள் எந்த ஓலையிலும் எழுதிவிடவில்லை. பதமான பனையோலையைத் தேர்ந்து, உலர்த்திப் பக்குவப்படுத்தி, ஓரங்களை நறுக்கிய பின்னரே எழுத்தாணியை எடுத்தனர். கருத்து எத்துணை உயர்ந்ததாயினும், அதைத் தாங்கும் ஓலை நல்லதாய் இல்லாவிடில் கறையான் வாய்ப்படும் என்பதை அவர்கள் மறந்தாரல்லர்.

அவ்வாறாயின், பொத்தேரி மாணவன் தன் நந்திப் படத்திற்கு எதனைத் தேர்தல் வேண்டும்? முதலில் படம் எதற்கு என்று அவன் துணிதல் வேண்டும். பள்ளியில் ஒரு நாள் கண்காட்சிக்கு மட்டும் என்றால் மலிவான பளபளப்புத் தாளும் சாயமையும் போதும். அதற்கு மிகுந்த பொருள் செலவிடுதல் வீண். ஆண்டுகள் பல காக்கத்தக்க சான்றாக வேண்டுமென்றால், நிறமிமையில், அமிலமற்ற பருத்தித்தாளிலோ பரைட்டாத் தாளிலோ அச்சிடுதல் நன்று. கறுப்பு வெள்ளைப் படமாயின், கருமையோடு சாம்பல் நிற மைகளும் உடைய பொறியை நாட வேண்டும். ஒரே கருமையுடைய பொறி, சாம்பல் நிறத்தைப் பிற வண்ணங்களைக் கலந்து ஆக்குவதால், கல் பச்சையாகவோ சிவப்பாகவோ தோன்றக்கூடும். பொறி, மை, தாள் ஆகிய மூன்றின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனித்தனி வண்ணக் குறிப்பு உண்டு. அக்குறிப்பைப் பொறிக்கு அளிக்காவிடில் நல்ல தாளும் தவறான நிறத்தையே காட்டும்.

அளவும் கருதத்தக்கது. அருகில் வைத்துப் பார்க்கும் படத்திற்கு ஓர் அங்குலத்தில் 300 புள்ளிகள் வேண்டும் என்பர். 8 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள படத்திற்கு 2,400க்கு 3,600 புள்ளிகள் தேவை. கைப்பேசியில் சுருக்கி அனுப்பப்பெற்ற படத்தில் இவ்வளவு புள்ளிகள் இரா. ஆகவே எடுத்த மூலப்படத்தையே அச்சிடக் கொடுத்தல் வேண்டும்.

சொந்தமாக ஒரு பொறி வாங்குவது நலமா என்று சிலர் வினவுவர். ஆண்டில் சில படங்களே அச்சிடுவோர்க்கு அது நலமன்று. இங்க்ஜெட் பொறியை நெடுநாள் பயன்படுத்தாது விட்டால், மை உலர்ந்து நுண்துளைகள் அடைபடும். அவற்றைத் தூய்மை செய்வதிலேயே மை தீர்ந்துவிடும். தக்க அச்சகத்தை நாடுவதே அவர்க்குச் சிக்கனம். ஆனால் அச்சகத்தாரிடம் சில வினாக்களைத் தயங்காது கேட்டல் வேண்டும். மை சாயமா, நிறமியா? தாளின் பெயரும் எடையும் யாவை? முழுப்படத்திற்கு முன் ஒரு சிறு சோதனைத் துண்டு தருவரா? தம் தொழிலை அறிந்தவர் இவற்றுக்கு மகிழ்ந்து விடை கூறுவர். விடை கூறாதவரிடம் விலைமதிப்பற்ற படத்தை ஒப்படைத்தல் தகாது.

விளம்பரத்தை நம்புவதினும் சோதனையை நம்புவது அறிவுடைமை. அச்சோதனையைப் பள்ளி மாணவரும் செய்யலாம். ஒரே படத்தை இரண்டு மூன்று வகைத் தாளிலும் மையிலும் சிறிதாக அச்சிட்டு, ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்ட வேண்டும். ஒரு பாதியை வெயில் படும் சாளரத்தில் ஒட்டி, மறு பாதியை நூலுக்குள் மறைத்து வைத்தல் வேண்டும். மூன்று திங்கள் கழித்து இரு பாதிகளையும் அருகருகே வைத்து நோக்கினால் எது நிலைப்பது என்பது கண்கூடாக விளங்கும். வேறொரு துண்டில் ஒரு துளி நீர் இட்டுத் துடைத்தால் மையின் இயல்பும் புலப்படும்.

நன்கு அச்சிட்ட படத்தையும் பேணாவிடில் கெடும். வீட்டுக் கூடத்தில் மாலை சூட்டிய பெரியோரின் படத்தில் வெயில் நேரே விழலாகாது. படம் கண்ணாடியைத் தொடாதவாறு இடையே அட்டை விளிம்பு வைத்துச் சட்டமிடுதல் வேண்டும். இல்லையேல் ஐப்பசி, கார்த்திகை மாதத்து ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஈரச்சுவரில் படத்தை மாட்டுதல் பூஞ்சையை வரவேற்பதாகும். உப்பும் ஈரமும் கலந்த காற்று வீசும் கடற்கரை ஊர்களில் இக்கவனம் இருமடங்கு வேண்டும். பசை பூசிய பக்கங்களையுடைய ஆல்பங்களையும் தவிர்த்தல் நன்று. படத்தின் பின்புறத்தில் ஊர், நாள், உள்ளோர் பெயர் ஆகியவற்றை மெல்லிய பென்சிலால் எழுதி வைத்தால், பின்வருவோர் அது யாருடைய படம் என்று மயங்கார்.

கணிப்பொறியில் படம் உள்ளதே, தாள் எதற்கு என்று எண்ணுதல் கூடும். கைப்பேசி உடையும்; களவு போகும்; சேமிப்புக் கருவி ஒரு நாள் திறவாது போகும். மூலக்கோப்பை இரண்டு மூன்று இடங்களில் காத்து வைத்தல் இன்றியமையாததே. எனினும் நல்ல தாளில் நின்ற படத்தைக் காண மின்சாரம் வேண்டா. கண் ஒன்றே போதும்.

டிரைப் எடுத்த படங்களில் மிகப் பெரியது ஓர் அரசனையோ அரண்மனையையோ காட்டவில்லை. கோயிலின் அடித்தளக் கல்லில் உள்ள எழுத்துகளையே காட்டுகின்றது. கல்லில் வெட்டியவன் நிலைக்க வேண்டும் என்று கருதி வெட்டினான். தாளில் பதித்தவர் நிலைக்க வேண்டும் என்று கருதிப் பதித்தார். இன்று படம் எடுப்போர் எண்ணற்றோர். எடுக்கும் படங்களும் எண்ணற்றவை. அவை அனைத்தையும் காத்தல் இயலாது. காக்க வேண்டுவதும் இல்லை. காக்கத்தக்கவை இவையெனச் சிலவற்றைத் தேர்ந்து, அவற்றுக்கு உரிய பொறியும் மையும் தாளும் தேடி அச்சிடுவோரே, பிற்காலத்தார் இக்காலத்தைக் காணும் பேற்றினை அவர்க்கு அளிப்பவர் ஆவர்.